மூன்று நூல் கோணல்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு உதிரிபாகம் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற ஆறுதல் ஒரே சொல்தான்: ஒக்காந்துக்கும். கதவு ஒக்காந்துக்கும். பானட் ஒக்காந்துக்கும். ரப்பர் ரெண்டு வெயில் பட்டால் தானாக ஒக்காந்துக்கும். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அழுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு கனிவாகச் சொல்வார்கள். நானும் நான்கு வருஷம் நம்பினேன். அந்த வண்டியில் ஒழுங்காக உட்கார்ந்தது நான் ஒருவன்தான்.

வண்டியை வாங்கியது பொம்மிடியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் களத்தில். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கிறவரைக்கும் பொறுங்க என்றார் ஆலைக்காரர். பொறுத்தேன். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ரயில் வரும்போதெல்லாம் வண்டியின் கண்ணாடிகள் சட்டத்துக்குள் நடுங்கும். என்னைப் பார்த்துத்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் இல்லாமல் நடுங்குகிறது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தது.

வட்டக் கண்கள். கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டு ஓரங்களுக்கு ஒதுங்கினால் நடுவே மூன்றாவது ஆள் தாராளமாக உட்காரக்கூடிய பெஞ்சு சீட். ஸ்டியரிங்கின் காதோரம் கியர். இன்ன வண்டி என்று மட்டும் பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருக்கிற நூறு பேர் என்னைத் தேடிப் பிடித்து, ரப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள்.

கிடைக்கும். எல்லாமே கிடைக்கும். அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டாலும், பழைய சாமானைப் பார்த்து அச்சு எடுத்துப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். ‘அச்சு அசல் சார்’ என்பார்கள். அதில் பாதி உண்மை. அச்சு இருக்கும்.

ஸ்பீடாமீட்டர் வாங்கிப் போட்டேன். எஞ்சின் அணைந்து, சாவி என் சட்டைப் பையில் இருக்கும்போதும் முள் இருபதில் நிற்கும். போர்டிகோவில் நின்றபடியே நாங்கள் இருபதில் போய்க்கொண்டிருந்தோம். சக்கரத்துக்கு வெள்ளி மாதிரி மின்னுகிற வீல் கப் நான்கு வாங்கிப் போட்டேன். தொப்பூர் இறக்கத்தில் பளபளவென்று ஒரு தட்டு உருண்டு எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

“பாருங்க, யாரு வண்டியோ பாவம், கழண்டு ஓடுது” என்றாள் என் மனைவி.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அது ஒரு லாரிக்கு மரியாதையாக ஒதுங்கி, வளைவில் அழகாகத் திரும்பி, பாலத்துக் கட்டையில் சாய்ந்து படுத்தது. நான் அந்த வண்டியை ஓட்டியதைவிட அது நன்றாக ஓடியது. ஓரங்கட்டி இறங்கி எடுத்துப் பார்த்தேன். எங்களுடையது.

அவளால் இறங்கிவந்து பார்க்க முடியவில்லை. காரணம், கயிறு. அவள் உட்காரும் பக்கத்துக் கதவின் அடியைத் துரு தின்று தீர்த்திருந்தது. தாழ்ப்பாள் பிடிக்காது. நைலான் கயிற்றால் கைப்பிடியைச் சீட்டின் காலோடு கட்டியிருந்தேன். முடிச்சையும் நம்ப முடியாமல், கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு வருவாள், கன்றுக்குட்டியைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறவள் மாதிரி. மூன்று வருஷம் அப்படி வந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய்யாகிவிடும்.

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு போர்டிகோ உண்டு. அங்கேதான் கார் நின்றது. நான் கதை எழுதிப் புத்தகம் போடுகிறேன். என் மனைவி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். முதலில் தெருவுக்கு, பிறகு நாலு கடைக்கு, பிறகு ஒரு ஹோட்டலுக்கு. சமையலறையில் இரண்டு கிரைண்டர் ஓடும்போது குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போகிறவன் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். கோயமுத்தூரில் பெரிய கிரைண்டர் ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். தொட்டியோடு சாய்த்து மாவை ஊற்றுகிற வகை. ஆடி பிறந்த முதல் வாரத்தில் அவள் போர்டிகோவில் நின்று, காரை ஒரு முறையும் தரையை ஒரு முறையும் பார்த்தாள்.

“ஏங்க, இந்தக் காரு ஓடுதுங்களா?”

“ஓடுமே.”

“ஓடுமான்னு கேக்கல. ஓடுதான்னு கேட்டன்.”

“கதவு ஒண்ணுதான் பாக்கி. புதுக் கதவுக்குச் சொல்லியிருக்கேன். வந்ததும் அப்படியே...”

“ஒக்காந்துக்கும்” என்று அவளே முடித்தாள். பிறகு இடது கையை நீட்டி, மற்ற விரல்களை மடக்கி, சுண்டு விரலை மட்டும் என் முகத்துக்கு நேராக நிறுத்தினாள்.

“ஆடிப் பதினெட்டுக்குத் தீர்த்தமலை போறம். அன்னிக்கி என் பக்கத்துக் கதவ இந்த ஒரு வெரலால சாத்துவன். இடிக்க மாட்டன், ஒதைக்க மாட்டன், கயிறும் புடிக்க மாட்டன். சாத்திக்கிச்சுன்னா காரு இருக்கட்டும். சாத்திக்கலன்னா மக்யா நாளே காயலான் கடைக்குப் போவணும், இந்த எடத்துல என் கிரைண்டர் வரும். சரிங்களா?”

சரி என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இல்லை என்பது?

கதவு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வைக்கோலும் கன்னடப் பத்திரிகையும் சுற்றி, பெண்ணழைப்பு மாதிரி லாரி சர்வீசில் வந்து இறங்கியது. கறுப்பு பிரைமர் பூசி, ஒரு கீறல் இல்லாமல். தட்டினால் தாம்பாளம் போல ஒலித்தது. அன்று சாயங்காலம் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு முன்னால் மலைகள் ஒரு நிறம் கொள்ளுமே, அந்த நிறத்தில் இருந்தது. பார்வைக்குக் குறை சொல்ல முடியாத சாமான்களிடம் எப்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தது என்றைக்கு உதவியிருக்கிறது?

தர்மபுரியில் நாலு ரோட்டுக்குப் பின்னால் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன் என்னோடு பத்தாவதுவரை ஒரே பெஞ்சில் படித்தவன். ஊருக்கே அவன் பாய், எனக்கும் பாய். அவனுக்கு நான் மாப்ள. என் மனைவியைத் தங்கச்சி என்பான். தங்கச்சி பக்கம் நியாயம் இருக்கும்போது மட்டும் அந்த உறவு அவனுக்குக் கூடுதலாக ஞாபகம் வரும். அடிபட்ட புதுக் கார்கள் இன்சூரன்ஸுக்காகப் பட்டறையில் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே என் வண்டியை நுழைத்தால், ஆஸ்பத்திரிக்கு ஜாதகம் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கும். அவனுக்கு இரண்டு பெருமை. தன் கையில் ஒக்காராத கதவே கிடையாது என்பது ஒன்று. தினமும் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது இன்னொன்று. நசுங்கின கார், நிமிர்ந்த கார், டீ, திரும்பவும் நசுங்கின கார்.

ஆடிப் பதினாறு காலையில் பழைய கதவைக் கழற்றிப் புதியதை மாட்டினான். மேலே சரியாக வந்து சேர்ந்தது. கீழே வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கீல் போல்ட்டைத் தளர்த்தி உள்ளே தள்ளினான். கீழே சேர்ந்தது, மேலே விலகியது. வாசர் கொடுத்தான், எடுத்தான். கீலையே மாற்றினான். பதினொரு மணிக்கு ஒரு டீ, பன்னிரண்டரைக்கு ஒரு டீ.

“மேல சாத்துனா கீழ தொறந்துக்குது, கீழ சாத்துனா மேல தொறந்துக்குது. என்னடா மாப்ள இது, கவர்மெண்ட் ஆபீசு கவுண்டரா?”

“எவ்வளவு தள்ளுது?”

இரும்பு அளவுகோலை வைத்தான். “மூணு நூலு.”

பட்டறைக்காரர்களும் தச்சர்களும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். மூன்று நூல் என்றால் சுண்டு விரல் கனம்கூட இல்லை. ஆனால் என் போர்டிகோவின் நீளம், அகலம், கூரை எல்லாம் அன்று அந்த மூன்று நூலுக்குள் இருந்தது.

விற்றவருக்குப் போன் போட்டேன். தமிழில் ஆரம்பித்து, இக்கட்டான இடத்தில் கன்னடத்துக்குப் போய்விட்டார். “நூறு கதவு குடுத்திருக்கேன் சார், எல்லாம் ஒக்காந்திடிச்சு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!” கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டுமாம்.

பழைய வண்டிக்காரர்கள் புலம்புவதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் கேட்டேன். கால் மணி நேரத்துக்குள் ஆறு ஊரிலிருந்து பதில் வந்தது. இடப்பக்கக் கதவா? கீழேயா? மூணு நூலா? எனக்கும் அப்படித்தான் சார், என் வண்டி பாடி கோணல்னு இத்தனை நாளாத் தெரியாமலே இருந்திருக்கேன், என்று ஒருவர். எங்க அப்பா மரத்துல இடிச்சதை மறைச்சிட்டார் போலிருக்கு, என்று இன்னொருவர். செத்துப்போன அப்பாவை அந்த ஒரு கதவுக்காக அவர் மன்னிக்கவே இல்லை. ஆறு பேரும் தங்கள் வண்டியைத்தான் சந்தேகப்பட்டிருந்தார்கள். கதவு புதிது, பளபளக்கிறது, வைக்கோல் சுற்றி வந்திருக்கிறது. அதைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது? நானும் காலையிலிருந்து பொம்மிடி ஆலைக்காரரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கோழியையும் சேர்த்து.

மத்தியானத் தொழுகைக்குப் போன பாய் மூக்குக் கண்ணாடியைப் பள்ளிவாசலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான். அதனால்தான் கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, கையால் தடவிப் பார்த்தான். உட்புறம் கீழ்க் கீலுக்கு அருகில் கை நின்றது. திரும்பத் தடவினான். நின்றது.

“மாப்ள, இங்க வா. வெரல வையி.”

வைத்தேன். தகரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள், பூண்டுப் பல் பதித்த மாதிரி. மூன்று வரிசையாக.

“என்னது?”

அவன் எழுந்து போனான். பட்டறையின் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு பழைய சுத்தியலை முட்டுக் கொடுத்திருப்பான். அதை எடுத்து வந்தான். அதன் முகத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. உடைந்த மூலையைத் தகரத்துப் பள்ளத்தில் வைத்தான். அச்சாகப் போய்ப் பொருந்தியது. இரண்டாவது பள்ளத்தில் வைத்தான். மூன்றாவதில் வைத்தான்.

நான்கு வருஷத்தில் என் வண்டி சம்பந்தப்பட்ட ஒரு சாமான் அப்படி ஒக்காந்து அன்றுதான் பார்த்தேன்.

“யா அல்லா” என்றான். பிறகு பட்டறைத் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்தில் நசுங்கின காரோடு காத்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் ஆள் பயந்து எழுந்து நின்றார்.

நடந்தது இதுதான். அவன் பட்டறை வைத்த புதிதில் என் வண்டி போலவே ஒன்று வந்திருக்கிறது. தொப்பூரில் பாலத்துக் கட்டையில் இடித்து, கதவைத் தாங்குகிற தூண் வளைந்து, கதவு நசுங்கி. அன்று சாயங்காலமே அந்த வண்டியில் மாப்பிள்ளை ஊர்வலம்.

“தூண நிமுத்தணும்னா ரெண்டு நாளு ஆவும். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து நின்னுக்கினு கத்தறாங்க. அதுக்கோசரம் என்ன பண்ணன், தூண தொடவே இல்ல. வளஞ்ச தூணுக்கு ஏத்த மாதிரி கதவோட கீழ்க் கீல் பக்கம் தோள் மாதிரி மூணு நூலு மேடு ஏத்தி, இந்தச் சுத்தில தட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சு அனுப்பிட்டன். டக்குனு சாத்திக்கிச்சு. மாப்ள வூட்டுல பிரியாணிகூட குடுத்தாங்க.”

“அந்தக் கதவு?”

“வண்டிய அப்பறமா ஒடச்சிட்டாங்க. கதவு மட்டும் நல்லா இருந்துச்சு. அச்சு எடுக்கறதுக்குப் பழைய சாமான் தேடிக்கினு ஒருத்தர் வந்தாரு. இருக்கறதுலயே இதுதான் நல்ல கதவுன்னு...” முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்தான். “என்னோட ஒரு நாள் சோம்பேறித்தனத்த டை அச்சுல அடிச்சு வித்துக்கினு இருக்காங்க மாப்ள. நூறு கதவுன்னாரே அந்தாளு? நூறு ஊர்ல ஓடுது!”

இந்தக் கதவு உலகத்தில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் பொருந்தும். அந்த வண்டி தொப்பூரில் இடித்திருக்க வேண்டும். ஆறு ஊரில் ஆறு பேர் தங்கள் நேரான வண்டிகளைக் கோணல் என்று நம்பித் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள். அந்த அப்பாவை நினைத்துத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. உடனே குழுவில் எழுதிப்போட்டேன். அந்த மகன் கும்பிடுகிற கை ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினார். எனக்கா அப்பாவுக்கா தெரியவில்லை.

“சரி, அந்தத் தோளைத் தட்டி எடுத்துடு” என்றேன்.

சுத்தியலின் காம்பால் மெதுவாகத் தட்டினான். தகரம் உள்ளே போய் வெளியே வந்து சிணுங்கியது. “இதையா? அப்பளம்டா இது. சூடு காட்டுனா சுருண்டுக்கும், தட்டுனா கிழிஞ்சிக்கும். அன்னிக்கி நான் அடிச்சது கம்பெனித் தகரம். இது அதோட போட்டோ.”

“வேற கதவு?”

“பதினெட்டுக்குள்ளயா? வந்தாலும் என் சுத்தி மார்க்கோடதான் வரும்.”

இரண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். வாய் திறந்த மாதிரி இடப்பக்கம் வெறுமையாக நின்றது. அவன் தலையைச் சாய்த்துத் தூணைப் பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“டேய், வேணாம். நேரா இருக்கற வண்டி.”

“நேரா இருந்து என்னத்தக் கண்டுது? தங்கச்சி கயிறு புடிச்சிக்கினு வருது. மூணே நூலு மாப்ள. கதவு வண்டிக்கு வராதுன்னா வண்டி கதவுக்குப் போவட்டும். வண்டி இரும்பு கெட்டி, சொன்னா கேக்கும்.”

“எங்கயாவது நல்லா இருக்கறதக் கோணலாக்குவாங்களா?”

“நீ எழுதி அச்சுப் போட்டது எத்தன நூலு?”

“மூணு.”

“அப்பறம் என்ன? உனக்குச் சரியாத்தான் இருக்கும்.”

வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

பதினேழாம் தேதி முழுக்கச் சங்கிலியும் ஜாக்கியும். தூணுக்குத் துணி சுற்றி, சங்கிலி மாட்டி, பட்டறையின் கான்கிரீட் கம்பத்தோடு சேர்த்து இழுத்தான். ஒரு நூல் போனதும் நிறுத்தி டீ. இரண்டாவது நூலுக்கு வண்டி ஒரு சத்தம் போட்டது. மூட்டு வலிக்காரர் நாற்காலியிலிருந்து எழும்போது போடுகிற சத்தம். மூன்றாவதற்குச் சத்தமே இல்லை, ஒப்புக்கொண்டுவிட்டது. கதவை மாட்டினான். வெளியே நின்று ஒரு விரலால் தள்ளினான். டக். நான் தள்ளினேன். டக். இன்சூரன்ஸ் ஆளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னோம். டக். எங்கள் இருவர் பார்வையிலும் உலகம் மூன்று நூல் அழகாகிவிட்டது.

புதுக் கதவுக்குப் புதுக் கைப்பிடி, புதுக் கண்ணாடி ரப்பர் எல்லாம் கூடவே வந்திருந்தன, போட்டோம். ரப்பர் கண்ணாடியை அப்படிக் கவ்வியது. ஏற்றின கண்ணாடி இறங்கவில்லை. “இருக்கட்டும், ரெண்டு வெயில் பட்டா...” என்றான் பாய். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

ஆடிப் பதினெட்டு. விடிந்ததும் எழுந்து, செய்யக் கூடாத ஒரு வேலையைச் செய்தேன். கதவின் கீல் முன்பக்கம் இருக்கும். வண்டியின் மூக்கைச் சற்றுத் தூக்கி நிறுத்தினால் கதவு தன் பாரத்தாலேயே பின்னால் வந்து சாத்திக்கொள்ளும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு வேப்பம்பலகை வைத்து வண்டியை ஏற்றினேன். உள்ளே காற்று அடைபட்டு எதிர்க்கக் கூடாதென்று வலப்பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டேன். பாயின் கைவேலைமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் அதிர்ஷ்டத்தின்மேல்தான்.

மனைவி புளிச்சோற்றுத் தூக்கோடு வந்தாள். புதுப்புடவை. காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்னால் வந்து நின்றாள்.

“எதுக்குங்க காரு வானத்தப் பாக்குது?”

“அது... டயர்ல ஈரம் படக் கூடாதுன்னு.”

“மழை பேஞ்சு இருவது நாளாச்சு. எறக்குங்க.”

இறக்கினேன். பலகைகளைச் சுவரோரம் சாய்த்தாள். “நேரா இருந்த வண்டிய சங்கிலி போட்டு இழுத்துக் கோணலாக்கனது பத்தலயா?”

“உனக்கு எப்படி...?”

“பாய் அண்ணன் ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க. நீங்க சங்கிலிக்குப் பக்கத்துல கண்ண மூடிக்கினு நின்னுக்கினு இருக்கீங்க.”

துரோகி. பாட்டு வேறு போட்டிருந்தானாம்.

வெளியில் நின்று தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். நாங்கள் பட்டறையில் நூறு தடவை தள்ளிப் பார்த்தது அப்படித்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். புடவையை இழுத்து மடக்கிக்கொண்டாள். தூக்கைக் காலடியில் வைத்தாள்.

“வெளிய நின்னு சாத்தறது டிரைவர் வேல. நான் ஒக்காந்துதான் சாத்துவன்.”

உள்கைப்பிடியில் சுண்டு விரலைக் கொக்கி மாதிரி மாட்டினாள். அந்த விரலில் மாவு காய்ந்து ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. தினமும் குளித்தாலும் போகாத கோடு. தெருவில் பால்காரர் மணி அடித்தது நின்றுபோன மாதிரி எனக்குத் தோன்றியது. இழுத்தாள். கதவு ஒரு இலை திரும்புகிற மாதிரி வந்தது. வந்து, நகைப்பெட்டி மூடுகிற சத்தத்தில், டக்.

சாத்திக்கொண்டது. மேலே, கீழே, நெடுக ஒரே கோடு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உள்ளே அவள் சுண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். விரலில் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. கதவோடு அதற்கு இப்போது எந்த உறவும் இல்லை. பளபளவென்று, மோதிரம் மாதிரி.

நான் ஓடிப் போனேன். கண்ணாடி இறங்காது என்பதால் அதன் வழியாகவே கத்தினேன். “சாத்திக்கிச்சு இல்ல! நீ சொன்னது சாத்தறதுதான்! தொறக்கறதப் பத்திப் பேச்சே இல்ல!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோசித்தாள். நியாயஸ்தி. தலையை மெதுவாக ஆட்டினாள். அவள் உதடு அசைந்ததைப் படித்தேன்: சாத்திக்கிச்சு. காரு இருக்கட்டும்.

அரூர் வழியாகத் தீர்த்தமலை போகிறவரை நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போனேன். வரகும் கேழ்வரகும் முளைவிட்ட கொல்லைகள், ஆடிக்காற்றில் அலைபாயும் புளியமரங்கள், தொலைவில் நீலத்துக்கு மேல் நீலமாக மலைகள், கயிறு பிடிக்காத கைகளோடு பக்கத்தில் என் மனைவி. அடிவாரத்தில் நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளிருந்து திறக்க அந்தக் கதவில் ஒன்றுமில்லை. நான் இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடி, வெளிக் கைப்பிடியைத் திருகித் திறந்துவிட்டேன். ஒரு காலை எடுத்து வைத்து, சற்று நின்று, அடுத்த காலை எடுத்து வைத்து இறங்கினாள்.

பேருந்திலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டம் ஒன்று நின்று பார்த்தது. “ஆத்தாடி, பாருங்கடி. அந்தாளு ஓடியாந்து கதவு தொறந்து வுடறத. எங்கூட்டு மனுசன் எனக்கு முன்னாலயே எறங்கி மலையேறிட்டாரு.”

என் மனைவி கேட்காதவள்போல நடந்தாள். ஆனால் நடை மாறியிருந்தது.

தீர்த்தத்தில் நனைந்து இறங்கி வந்ததும் ஓடிப் போய்த் திறந்துவிட்டேன். அரூரில் டீக்கடையில் திறந்துவிட்டேன். தர்மபுரியில் பூக்கடையில், ஒரு முழம் கனகாம்பரம் வாங்க, திறந்துவிட்டேன். கடைசிக்குப் பாய் பட்டறை வாசலில் திறந்துவிட்டேன். அவன் விஷயத்தைக் கேட்டு, “அஞ்சு நிமிஷத்துல வேற கைப்பிடி போட்டுடறன் தங்கச்சி, பழைய கம்பெனி சாமானே இருக்குது” என்று டப்பாவைக் கவிழ்த்தான்.

“வேணாங்கண்ணா” என்றாள். “சாத்தறது என் வேல. தொறக்கறது உங்க மாப்ள வேல. இப்பதான் ஒக்காந்திருக்குது.”

வீட்டுக்கு வந்தோம். திறந்துவிட்டேன். இறங்கி, ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, போர்டிகோவுக்குள் நான் ஏற்றி நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தாள்.

“அத எதுக்கு இங்க நிறுத்தறீங்க?”

“நீதான சொன்ன, கார் இருக்கட்டும்னு!”

“இருக்கட்டும்னுதான் சொன்னன். இங்க இருக்கட்டும்னு சொன்னனா?” வாசலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தை நோக்கிச் சுண்டு விரலை நீட்டினாள். அதே விரல். “அங்க இருக்கட்டும்.”

காலையில் நான் கண்ணாடி வழியாகக் கத்திய அதே வாதத்தை அவள் நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டு மலையேறி இறங்கியிருக்கிறாள். சாவியை எடுத்துக்கொண்டு திரும்ப வண்டியில் ஏறினேன்.

ஆடி இருபதில் கிரைண்டர் வந்தது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் கூடவே வந்து இறக்கி, போர்டிகோவில் நிறுத்தினார். மழைத்தண்ணீர் வெளியே ஓடத் தரை சாய்வாகப் போட்டிருப்பதால், ஒரு கால் அந்தரத்தில் நின்றது. ஓட்டினால் ஆடியது.

“புது மிஷினுங்க” என்றார் அவர். “நாலு நாள் ஓட்டினீங்கன்னா தானா ஒக்...”

“அந்த வார்த்தைய மட்டும் எங்கூட்டுல சொல்லாதீங்க” என்றாள் மனைவி.

சுவரோரம் போனாள். என் வேப்பம்பலகைகளில் ஒன்றை எடுத்து வந்து, அந்தரத்தில் நின்ற காலுக்கு அடியில் காலால் தள்ளினாள். சுண்டு விரலால் கிரைண்டரைத் தொட்டு ஒரு தள்ளுத் தள்ளினாள். அசையவில்லை. சுவிட்சைப் போட்டாள். கல் சுற்றத் தொடங்கியது.

நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். பானட்டின்மேல் ஒரு காக்கை வேலையை முடித்துவிட்டுப் பறந்தது. பக்கத்து இருக்கையின் கதவு ஒரு நூல் பிசகாமல் சாத்தியிருந்தது. வேப்பமரத்தடியில் நின்றபடி நான் இருபதில் போய்க்கொண்டிருந்தேன்.